பொன்னாடைய இந்தப் புள்ளைங்களுக்கும் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எங்க லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, ஒரு வீட்டுல பேப்பர் வாங்குனா ஆறேழு வீடு படிச்சிரும், அதுலயும் மலையகப் பக்கத்ததான் மொதல்ல திருப்புவோம். அந்தப் பக்கத்துல பாராட்டு விழா, கௌரவிப்பு விழான்னு போட்டோ வராத வாரம் இல்ல. புலமைப்பரிசில் பாஸான புள்ள, ஏ எல்ல நல்ல ரிசல்ட் எடுத்த புள்ள, கோயிலுக்கு தகரம் வாங்கிக் குடுத்த முதலாளி, புதுசா சமாதான நீதவான் ஆனவரு, எல்லாருக்கும் மால, பொன்னாட, ஷீல்ட். இதெல்லாம் வேணாம்னு நான் சொல்ல வரல. ஒரே ரூம் காம்பராவுல ஏழு பேரு படுக்குற வீட்டுல இருந்து படிச்சு வந்த புள்ளைய பாராட்டாம வேற யாரப் பாராட்டுறது. ஆனா தோட்டத்துல ஒரு சண்டைய நிப்பாட்டுன புள்ள, ஒரு அநியாயத்துக்கு எதிரா போயி நின்ன புள்ள, பக்கத்து சிங்கள கிராமத்தோட ஒறவ காப்பாத்தி வச்சிருக்குற புள்ள, இவங்கள்ல ஒருத்தர் படம்கூட அந்தப் பக்கத்துல வந்து நான் பார்த்ததில்ல ஐயா. அதுக்குத்தான் இந்தக் கடிதம் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போனாலும் மன்னிச்சு படிங்க.

நான் தோட்டத்து முன்பள்ளியில டீச்சர். அம்மா கொழுந்து பறிச்சு ரிட்டயர் ஆனவங்க. சின்னப் புள்ளைங்களோட இருக்குறதால எந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்கு சீக்கிரமே தெரிஞ்சிரும், நைட்டு வீட்டுல அடிதடி நடந்திருந்தா காலையில அந்தப் புள்ள மொகத்துலயே இருக்கும். அதனால நான் சொல்றது எல்லாம் கண்ணால பார்த்தது, ஆனா பேரு ஊரு எதுவும் போட மாட்டேன், ஏன்னு பின்னால சொல்றேன்.

சித்திர வருஷத்துக்கு எங்க பக்கம் மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் கிரிக்கெட் மெச் வைக்கிறது வழக்கம். ஒரு வருஷம் கடைசி ஓவர்ல அவுட்டா இல்லையான்னு ஆரம்பிச்ச வாய்ச்சண்ட கைகலப்பாகி அன்னைக்கு நைட்டே தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்து கத்தி வெளிய வந்திருச்சு. ரெண்டு பேருக்கு வெட்டு. மறுநாள் கீழ் டிவிசன் ஆளுங்க மேல ஏறி வரப்போறாங்கன்னு பேச்சு, காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்கே பாதிப்பேரு போகல. பெரிய மனுஷங்க எல்லாரும் அவங்கவங்க டிவிசன் பக்கம்தான் பேசினாங்க. அப்போ கொழும்பு புறக்கோட்டையில ஒரு புடவக்கடையில வேல செஞ்சுட்டு வருஷத்துக்கு லீவுல வந்திருந்த ஒரு பையன், ஓ எல் கூட பாஸ் பண்ணாதவன், அவன் என்ன செஞ்சான் தெரியுமா? சண்ட போட்ட பயலுக கிட்ட போகவே இல்ல. அவனுங்களோட அம்மாமாருகிட்ட போனான். அடிச்சவன் அம்மாவையும் அடிபட்டவன் அம்மாவையும் சின்னப் புள்ளைங்கள பாத்துக்குற பிள்ளைக்காம்பராவுல கொண்டுவந்து ஒக்கார வச்சு தேத்தண்ணி ஊத்திக்குடுத்து, நீங்க ரெண்டு பேரும் ஒரே மலையில நெற புடிச்சு கொழுந்து எடுக்குறவங்கதானே, நாளைக்கு எப்படி மொகத்தப் பார்ப்பீங்கன்னு கேட்டான். மொத நாள் ரெண்டு பேரும் அழுதுட்டு எழும்பிப் போயிட்டாங்க, பேசவே இல்ல. ரெண்டாவது நாள் திட்டிக்கிட்டாங்க. அதுக்கும் அடுத்த நாள்தான் ஆஸ்பத்திரி செலவ யாரு பாக்குறது, பொலிஸ்ல போட்ட என்ட்ரிய என்ன செய்றதுன்னு பேச்சு ஒரு வழிக்கு வந்துச்சு. அவனோட லீவு முடிஞ்சு போச்சு, கடை முதலாளி சம்பளத்துல வெட்டுனாரு, அப்படியிருந்தும் முடிச்சுட்டுத்தான் போனான். இப்போ மெச்சுக்கு அம்பயர வேற தோட்டத்துல இருந்துதான் கூப்பிடுறாங்க, அதுவும் அவன் சொன்ன யோசனதான்.

அவனுக்கு என்ன கெடச்சுச்சு? சண்ட நடந்த எடத்துல வெலக்கப் போயி நின்னதால பொலிஸ் எழுதுன பேரு லிஸ்ட்ல அவன் பேரும் போயிருச்சு. வெளிநாட்டுக்கு போறதுக்கு பொலிஸ் ரிப்போட் எடுக்கப் போனப்போதான் அது அவனுக்கே தெரிஞ்சுச்சு, அத வெட்டுறதுக்கு அலைஞ்ச அலைச்சல்ல அந்த வேலையே கைவிட்டுப் போச்சு. அன்னைக்கு கத்திய தூக்குன பயலுக்கு போன வருஷம் திருவிழாவுல தேர் வடம் புடிக்கிறதுல முன்வரிசை குடுத்தாங்க, இவன் லீவு கெடைக்காம திருவிழாவுக்கே வரல. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு ஐயா.

இன்னொன்னு ஒரு பொண்ணப் பத்தி. ஏ எல் வரைக்கும் படிச்சிட்டு வீட்டுல இருக்கா, சிங்களம் நல்லா எழுத வாசிக்கத் தெரியும். தமிழும் அரசகரும மொழின்னு 1987ல அரசியலமைப்போட 13ஆவது திருத்தத்துலயே வந்திருச்சு, ஆனா எங்க சனம் இன்னைக்கும் பொலிசுக்குப் போனா நாம தமிழ்ல சொல்றத அவங்க சிங்களத்துல எழுதி, கீழ கையெழுத்துப் போடுன்னு சொன்னா போட்டுட்டு வர்றதுதான் அதிகம். என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சு சொல்ல ஆள் இல்ல. இந்தப் பொண்ணு யாரு கூப்பிட்டாலும் கூட போகும். ஒருக்கா புருஷன்கிட்ட அடிவாங்கி கை ஒடஞ்ச ஒரு அக்கா கூட போனப்போ, எழுதி முடிச்சத வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கா, வாசிச்சுப் பார்த்தா வழுக்கி விழுந்ததுன்னு இருந்திருக்கு. இவ மரியாதையா, சத்தம் போடாம, அக்கா சொன்னது இது இல்ல, திருத்தி எழுதுங்கன்னு சொல்லி அங்கேயே ஒக்காந்துட்டா. மத்தியானத்துல இருந்து பொழுது சாயுற வரைக்கும். கடைசியில திருத்தி எழுதினாங்க. அந்தக் கேஸ் எடுபட்டதே அந்த ஒரு வரியாலதான்.

பொண்ணு பாக்க வந்தவங்க என்ன சொல்லிட்டுப் போனாங்கன்னா, பொலிஸ் படி ஏறி எறங்குற பொம்பளப் புள்ள எங்க வீட்டுக்கு ஒத்துவராதுன்னு. அவ அம்மா என் முன்னாலயே அவள திட்டுனாங்க, ஊரான் வீட்டுப் பிரச்சினைய தலையில தூக்கி வச்சுக்கிட்டு உன் வாழ்க்கைய கெடுத்துக்கிறியேன்னு. தோட்டத்துக்கே ஒதவி செஞ்ச புள்ளைக்கு தோட்டம் குடுத்த பேரு இது. ஒரே ஒரு தடவ நாலு பேரு கூடுற எடத்துல அவளக் கூப்பிட்டு நிக்க வச்சு, இவளாலதான் நம்ம பொம்பளைங்களுக்கு நியாயம் கெடைக்குதுன்னு சொல்லியிருந்தா அந்தப் பேச்சு வந்திருக்குமா? கௌரவிக்கிறதுன்னா சும்மா சந்தோஷத்துக்கு செய்ற விஷயம்னு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல. அந்தப் புள்ளைங்களுக்கு அது ஒரு பாதுகாப்பு. ஊரே இவங்க பக்கம் நிக்குதுன்னு தெரிஞ்சா கைவைக்க யோசிப்பாங்க, பழி சொல்ல யோசிப்பாங்க.

நம்ம மலையகத்துல நியாயம் கேட்ட எளந்தாரிகளுக்கு மரியாத குடுக்குறதே இல்லன்னு சொல்ல முடியாது, குடுக்குறோம், ஆனா செத்ததுக்குப் பொறகு. 1940 ஜனவரியில முல்லோயா தோட்டத்துல சம்பளத்துக்காக நடந்த வேலநிறுத்தத்துல பொலிஸ் சுட்டு செத்த கோவிந்தன நாம நெனைக்கிறோம். தோட்டக் காணிய பிரிச்சு வெளியாளுங்களுக்குக் குடுக்கப் போறாங்கன்னு 1977 மே மாசம் டெவன் தோட்டத்துல தெரண்டு நின்ன கூட்டத்துல குண்டடி பட்டு செத்த சிவனு லெட்சுமணன நெனைக்கிறோம். நெனைக்கணும், எங்க முன்பள்ளி புள்ளைங்களுக்குக்கூட ஒரு நாள் இந்தப் பேருங்கள சொல்லிக் குடுக்கணும்னு எனக்கு ஆச. ஆனா உசுரோட இருக்குற ஒரு புள்ள காணிக்கோ சம்பளத்துக்கோ தண்ணிக்கோ பேசுனா அவனுக்கு நாம வைக்கிற பேரு கொழப்பக்காரன்.

2018 ஒக்டோபர்ல காலிமுகத்திடல்ல கறுப்பு சட்ட போட்டுக்கிட்டு ஆயிரம் ரூபா நாள் சம்பளத்துக்காக கூடுனாங்களே, அதுல நெறையப் பேரு கொழும்பு கடையிலயும் ஹோட்டல்லயும் வேல செய்ற நம்ம தோட்டத்துப் புள்ளைங்க. பேஸ்புக்ல ஒருத்தருக்கொருத்தர் சொல்லி சேர்ந்தது. அவங்களுக்கு அந்த சம்பளம் வரப்போறதில்ல, அம்மா அப்பாவுக்காக ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு வந்து நின்னாங்க. அந்த 1000 ரூபா கெசட்ல வர்றதுக்கு 2021 ஆச்சு. வந்தப்போ நாங்கதான் வாங்கிக் குடுத்தோம்னு போஸ்டர் ஒட்டுனவங்க நெறைய, அந்தப் புள்ளைங்கள யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்த நன்றி சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல.

டயகமவுல இருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயசுப் புள்ள 2021 ஜூலையில தீக்காயத்தோட செத்தப்போ நாடே பேசுச்சு. நாங்களும் அழுதோம், மெழுகுவர்த்தி கொளுத்துனோம். ஆனா அடுத்த புள்ள போகாம தடுக்குற வேலைய யாரு செய்றா? எங்க பக்கத்துல மூணு நாலு எளம் புள்ளைங்க சேர்ந்து செய்றாங்க. ஸ்கூலுக்கு ரெண்டு வாரம் தொடர்ந்து வராத புள்ளைங்க பேர டீச்சர்மாருகிட்ட கேட்டு எடுத்து வீட்டுக்குப் போயி பார்ப்பாங்க. ஒரு தடவ தரகர் வந்து அட்வான்ஸ் காசே குடுத்துட்டுப் போயிட்டாரு, புள்ளைக்கு 14 வயசு. அந்த வீட்டுல கடன். இவங்க சிறுவர் உதவிக்கான 1929 நம்பருக்கு கோல் எடுத்தது மட்டுமில்ல, அந்த அட்வான்ஸ் காச திருப்பிக் குடுக்க சீட்டுப் புடிச்சு காசு சேர்த்தாங்க. எனக்கு அதுதான் பெருசாத் தெரிஞ்சுச்சு. கோல் எடுக்குறது யாரும் செய்யலாம், கடன் அப்படியே இருந்தா அந்தப் புள்ள இன்னைக்கு இல்லாட்டி அடுத்த மாசம் போயிருக்கும். அந்தப் புள்ள இப்போ ஸ்கூலுக்குப் போகுது. தரகர் ஆளுங்க வந்து மெரட்டிட்டும் போனாங்க, அதனாலதான் பேரு ஊரு போட மாட்டேன்னு ஆரம்பத்துலயே சொன்னேன்.

சமாதானம்னு சொல்லும்போது பக்கத்து கிராமத்தப் பத்தி சொல்லாம விட முடியாது. எங்க அம்மா 77 கலவரத்துலயும் 83 கலவரத்துலயும் தேயிலச் செடிக்குள்ள படுத்து நைட்ட கழிச்ச ஆளு. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர்ல பண்டாரவளைக்குக் கிட்ட பிந்துனுவெவ முகாம்ல புனர்வாழ்வுக்குன்னு வச்சிருந்த தமிழ் புள்ளைங்கள உள்ள பூந்து அடிச்சுக் கொன்னாங்களே, அதுக்குப் பொறகு கொஞ்ச நாள் எங்க பக்கமும் டவுனுக்குப் போக யாருக்கும் தைரியம் இல்ல. இப்படி ஒரு ஊர்ல ஒரு சின்ன விஷயம் போதும் ஐயா. எங்களுக்கு அது தண்ணி. ஊத்து எங்க தோட்டத்து மேல் மலையில, கிராமம் கீழ. கோட காலத்துல தண்ணி கொறஞ்சப்போ தோட்டத்து ஆளுங்க பைப்ப அடைச்சிட்டாங்கன்னு கிராமத்துல பேச்சு, கிராமத்து ஆளுங்க பைப்ப வெட்டிட்டாங்கன்னு இங்க பேச்சு. வட்ஸ்அப்ல ரெண்டு பக்கமும் வொய்ஸ் மெசேஜ் பறக்குது, கேக்கவே பயமா இருந்துச்சு, பழைய காலம் திரும்ப வந்துருமோன்னு அம்மா நைட்டு தூங்கல.

எங்க பையன் ஒருத்தன், கிராமத்துப் பையன் ஒருத்தன், ரெண்டு பேரும் டவுன்ல ஒரே கராஜ்ல வேல கத்துக்கிட்டவங்க. அவங்கதான் ஒரு ஞாயித்துக்கிழம ரெண்டு பக்கத்துலயும் பத்துப் பத்துப் பேர சேர்த்து பைப் லைன் முழுக்க நடந்து பார்த்தாங்க. பார்த்தா யாரும் வெட்டவும் இல்ல அடைக்கவும் இல்ல, முந்தி பெஞ்ச மழையில மண் எறங்கி ஒரு ஜொயின்ட் கழண்டு பாதித் தண்ணி ஓடைக்குள்ள போயிட்டு இருந்திருக்கு. அத அவங்களே சரி பண்ணிட்டு, காலையில யாருக்கு பின்னேரம் யாருக்குன்னு ஒரு டைம்டேபிள் எழுதி எங்க கோயில்லயும் கிராமத்து பௌத்த பன்சலையிலயும் ரெண்டு பாஷையில ஒட்டுனாங்க. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல்ல மண்சரிவு வந்து எங்க ரோடு அறுந்து கெடந்தப்போ மொதல்ல அரிசி மூட்டைய தோள்ல தூக்கிட்டு மேல வந்தது அந்த கிராமத்துப் பயலுகதான், யாரு சொல்லியும் வரல. அந்த ஒறவுக்கு வெத போட்டது ரெண்டு கராஜ் பையனுங்க. அவங்களுக்கு எந்த மேடையிலயாவது எடம் இருக்கா?

ஐநா பாதுகாப்புச் சபை 2015 டிசம்பர்ல 2250ன்னு ஒரு தீர்மானம் எடுத்துச்சு, சமாதான வேலையில எளைஞர்களையும் சேர்த்துக்கணும், முடிவு எடுக்குற எடத்துலயும் அவங்களுக்கு எடம் குடுக்கணும்னு. எங்க தோட்டத்து சங்கக் கூட்டத்துல, கோயில் கமிட்டியில, மத்தியஸ்த சபையில முப்பது வயசுக்குக் கீழ எத்தன பேரு இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க, பொம்பளப் புள்ளைங்கன்னா கேக்கவே வேணாம். மத்தியஸ்த சபை 1988ஆம் ஆண்டு சட்டத்துல வந்தது, சின்னச் சின்ன பிணக்க கோட்டுக்குப் போகாம செலவில்லாம தீர்த்து வைக்கிறதுக்குத்தான். எங்க பக்கம் அதுல ஒக்காந்திருக்குறது பெரும்பாலும் ரிட்டயர் ஆன அதிபர்மாரு, அரசாங்க வேலையில இருந்த ஐயாமாரு. நல்ல மனுஷங்கதான். ஆனா லயத்துக்குள்ள ஒரு கூரத் தகரத்துக்கும் கோடிப்பக்க மரக்கறிப் பாத்திக்கும் ஏன் சண்ட வருதுன்னு அந்தப் பொண்ணுக்கும் அந்தப் பையனுக்கும் தெரியிற மாதிரி அவங்களுக்குத் தெரியாது. அதுக்குப் பேரு பரிந்துரைக்கிற அமைப்புகள் இந்த மாதிரிப் புள்ளைங்க பேரையும் குடுக்கட்டும், ஷீல்ட விட அது பெரிய கௌரவம்.

விழா வைக்கிறதுன்னா எப்படி வைக்கணும்னும் எனக்கு ஒரு நெனப்பு இருக்கு. மேடையில அரசியல்வாதிக்கு நாற்காலி வேணாம். இது கோவத்துல சொல்றதில்ல, அவங்க வந்தா பேச்சு அவங்களப் பத்தி ஆயிரும், அடுத்த நாள் அந்தப் புள்ள இன்ன கட்சின்னு முத்திர விழுந்திரும், பொறகு அவனால ரெண்டு பக்கமும் பேச முடியாது. யாரக் கௌரவிக்கிறதுன்னு தோட்டத் தலைவரோ ஒபிசோ முடிவு பண்ணாம கொழுந்துக்குப் போற பொம்பளைங்ககிட்ட கேளுங்க, மலையில மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கேட்டா யாரு உண்மையா ஒழைக்கிறாங்கன்னு ஒரே நிமிஷத்துல சொல்லிருவாங்க. ஒருத்தர மட்டும் தூக்கி வச்சா கூட வேல செஞ்ச மத்தப் புள்ளைங்க மனசு ஒடஞ்சிரும், அதனால கூட்டமா கௌரவிக்கணும். அந்தத் தண்ணி விஷயம்னா கிராமத்துப் பையனுக்கும் சேர்த்துத்தான், பாராட்ட சிங்களத்துலயும் வாசிக்கணும், அவன் அம்மா அப்பா வந்து கேக்கணும். எங்க கோயில் திருவிழாவுல மொதப் பரிவட்டம் காலங்காலமா தோட்டத்து மனேஜர் தொரைக்கும் தலைவருக்கும் கட்டுறது. ஒரே ஒரு வருஷம் அந்தப் பொண்ணுக்குக் கட்டுங்கன்னு கமிட்டியில சொன்னேன், பொம்பளப் புள்ளைக்கு எப்படின்னு கேட்டாங்க. நான் விடல, இந்த வருஷமும் கேப்பேன்.

ஷீல்டுக்கு செலவழிக்கிற காசுல அவங்களுக்கு ஒதவுற மாதிரி ஏதாவது குடுக்கலாம். பஸ் காசு அவங்களுக்கு பெரிய பிரச்சின. ஒரு தடவ பொலிசுக்கோ பிரதேச செயலகத்துக்கோ போய் வர்றதுக்கு அந்தப் பொண்ணு அவ அம்மாவோட கைக்காசுல இருந்துதான் எடுக்குறா. சிங்களம் படிக்க கோர்ஸ் ஃபீஸ் கட்டலாம். நம்ம ஊர்ல இருந்து படிச்சு சட்டத்தரணி ஆனவங்க இருக்காங்க, அவங்கள்ல ஒருத்தர் மாசத்துல ஒரு நாள் ஃபோன்ல பேசி வழி சொன்னாப் போதும், இந்தப் புள்ளைங்க எத்தனையோ வேல செய்வாங்க. பொலிஸ் லிஸ்ட்ல தப்பா ஏறுன பேர எடுத்துக் குடுக்க ஒரு பெரியவர் கூட போனாருன்னா அந்தப் பையனுக்கு அத விட பெரிய பொன்னாட இல்ல.

எல்லாத்துக்கும் முன்னால அவங்ககிட்ட சம்மதம் கேக்கணும். தரகர் மெரட்டல் இருக்குற எடத்துல போட்டோ போட்டா ஆபத்து. சில புள்ளைங்க வேணாம்னு சொல்லுவாங்க, அத மதிக்கணும், அவங்களுக்கு பேர் போடாம என்ன செஞ்சாங்கன்னு மட்டும் எழுதலாம்.

ஐயா, ஓகஸ்ட் 12 சர்வதேச இளைஞர் தினம். 2023ல மலையக மக்களோட 200 வருஷத்த நெனச்சு தலைமன்னார்ல இருந்து நடந்து வந்தாங்களே, அந்த நடை மாத்தளையில முடிஞ்சதும் அதே ஓகஸ்ட் 12ல. உங்க பத்திரிகையில அந்த நாள்ல இருந்து வாரம் ஒரு சின்ன எடம் ஒதுக்குங்க, கால் பக்கம் போதும். ஹட்டன், ராகலை, பசறை, ஹப்புத்தளை, புசல்லாவ, தெனியாய, இரத்தினபுரி எல்லாப் பக்கத்துல இருந்தும் வாசகர்களே எழுதி அனுப்பட்டும், எங்க தோட்டத்துல இந்தப் புள்ளைங்க இதச் செஞ்சாங்கன்னு. நீங்க விசாரிச்சு உண்மைன்னு தெரிஞ்சா போடுங்க. பேப்பர்ல வந்த துண்ட வெட்டி எங்க கோயில் சுவத்துல நானே ஒட்டுறேன், பொண்ணு பாக்க வர்றவங்களும் வாசிக்கட்டும்.

மொத வாரத்துக்கு நான் எழுதித் தர ரெடி. கராஜ் பையனுங்க ரெண்டு பேரும் பேரு போடலாம்னு சொல்லிட்டாங்க, கிராமத்துப் பையனோட அம்மா போட்டோவுக்கு நல்ல சட்ட தச்சுக் குடுக்குறேன்னுகூட சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணு இன்னும் யோசிக்கிறா, அவங்க அம்மாகிட்ட நான் இந்த ஞாயித்துக்கிழம போயி பேசுறேன். அவங்க சரின்னு சொன்னதும் விவரத்த அனுப்புறேன், நீங்க எந்த நாளைக்குள்ள வேணும்னு மட்டும் பத்திரிகையில ஒரு வரி போட்டு சொல்லுங்க.

இப்படிக்கு,
தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை ஒருத்தி,
நுவரெலியா மாவட்டம்.